சின்ன வயசுப் படக்கதைகளைத் தேடிப் பிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்புலிமாமா, முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ், பூந்தளிர், கோகுலம், வாண்டுமாமா கதைகள், மாஸ்கோவில் அச்சாகி வந்த தமிழ்ப் புத்தகங்கள் என்று தேடிக்கொண்டிருப்பவர்களுக்கான பக்கம் இது. புதிதாகத் தேடத் தொடங்குபவர்கள் முதல் நான்கு கேள்விகளையாவது படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

கதை கொஞ்சம் நினைவிருக்கிறது, புத்தகத்தின் பெயர் மறந்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது?

கதையை ஓரமாக வைத்துவிட்டு, கையில் பிடித்த பொருளை நினைத்துப் பாருங்கள். சட்டைப் பையில் அடங்கும் பாக்கெட் சைஸா, வார இதழ் அளவா? உள்ளே கறுப்பு வெள்ளையா, இரண்டு நிறமா, முழு வண்ணமா? நடுவில் பின் அடித்ததா, முதுகில் பசை போட்டதா? பின்னட்டையில் என்ன விளம்பரம்? கடையில் வாங்கியதா, வாடகை நூலகத்தில் எடுத்ததா? இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பத்து வயதில் படித்த மூன்று கதைகள் ஐம்பது வயதில் ஒரே கதையாகிவிடும். அளவும் அட்டையும் அப்படிக் குழம்புவது குறைவு.

அடுத்தது ஆண்டு. அம்புலிமாமா 1947 ஜூலையில் தொடங்கியது. கோகுலமும் முத்து காமிக்ஸும் 1972. லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ், பூந்தளிர் மூன்றும் 1984. 1979-ல் ஐந்தாம் வகுப்பில் படித்தது என்று உறுதியாகத் தெரிந்தால் அது லயனாக இருக்க வழியில்லை. மறுபுறம், 1990-ல் படித்தது என்பதற்காக அது 1990 இதழ் என்று முடிவு கட்டவும் கூடாது. அண்ணனோ சித்தப்பாவோ சேர்த்து வைத்த பழைய கட்டிலிருந்து படித்ததாக இருக்கலாம்.

நாயகன் பெயர் தெரியும். ஆனால் அந்தப் பெயரில் தேடினால் வேறு புத்தகம் வருகிறதே?

தமிழ்க் காமிக்ஸ் தேடலில் அடிக்கடி நடக்கும் கூத்து இது. வெளிநாட்டு நாயகர்களுக்கு ஒவ்வொரு பதிப்பகமும் தனித்தனியாகப் பெயர் சூட்டியது. முகமூடியும் மண்டையோட்டு மோதிரமுமாகக் காட்டில் வாழ்பவர் முத்துவில் வேதாளர், ராணி காமிக்ஸில் மாயாவி. முத்து வாசகரிடம் போய் ‘மாயாவி’ என்றால் அவர் எடுத்துத் தருவது இரும்புக்கை மாயாவியை. அவர் மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து கை மட்டும் தெரியும் ஆசாமி, முற்றிலும் வேறு ஆள். எனவே விற்பவரிடம் கேட்கும்போது வரிசையின் பெயரையும் நாயகன் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்: ‘ராணி காமிக்ஸ் மாயாவி’, ‘முத்து காமிக்ஸ் இரும்புக்கை’.

தமிழ்த் தலைப்பு கிடைக்காதபோது மூலத்தின் வழியாகப் போகலாம். இரும்புக்கை மாயாவி 1962-ல் பிரிட்டனின் வேலியண்ட் வார இதழில் தொடங்கிய தொடர். மூலத் தொடரில் உங்கள் கதை எது என்று படங்களை வைத்துக் கண்டுபிடித்துவிட்டால், அந்தப் படங்களைக் காட்டித் தமிழில் என்ன பெயரில் வந்தது என்று பழைய வாசகர்களிடம் கேட்கலாம். தலைப்பு சொல்லத் திணறுபவர்கூட ஒரு படத்தைப் பார்த்ததும் டக்கென்று சொல்லிவிடுவார்.

கையில் இருப்பது முதல் பதிப்பா, மறுபதிப்பா?

தமிழில் ஒரே கதை மூன்று நான்கு உருவங்களில் வந்திருக்கும். முத்துவில் முதலில் வந்த கதைகள் பின்னால் காமிக்ஸ் கிளாசிக்ஸ் என்ற மறுபதிப்பு வரிசையிலும், அதன் பிறகு பெரிய அளவிலும் வந்தன. சிறுவர் நாவல்கள் இதழில் தொடராக வந்து, பிறகு புத்தகமாகி, அந்தப் புத்தகமும் பல பதிப்பு கண்டிருக்கும். அச்சிட்ட ஆண்டு போட்டிருந்தால் சிக்கல் இல்லை. போடாத பிரதிகளில் கீழ்க்கண்ட தடயங்களைப் பாருங்கள்.

விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தையது, அல்லது அதை ஒட்டியது. ‘ந.பை.’ என்றிருந்தால் நயா பைசா. 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. ₹ குறியீடு 2010 ஜூலையில்தான் வந்தது. முகவரியில் ‘சென்னை-26’ என்று இருந்தால் பழைய அஞ்சல் வட்ட எண்; ‘சென்னை-600 026’ என்று ஆறு இலக்கம் இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தையது. ஐ.எஸ்.பி.என். என்ற நூல் அடையாள எண் 13 இலக்கம் என்றால் 2007 அல்லது அதற்குப் பிறகு.

எழுத்து வடிவம் இன்னொரு நல்ல சாட்சி. 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன் ணை, லை, னை முதலியவை யானைத் துதிக்கை போன்ற கொம்போடும், ணா, றா, னா ஆகியவை துணைக்கால் இல்லாமல் சுழித்தும் அச்சாகும். ‘1965 முதல் பதிப்பு’ என்று ஒருவர் நீட்டும் புத்தகத்தில் இன்றைய ‘லை’ இருந்தால் அது மறுபதிப்பு. பெரியாரின் இதழ்களும் அவற்றைச் சார்ந்த வெளியீடுகளும் இதற்கு விலக்கு. அங்கே 1935 முதலே புதிய வடிவம் உண்டு.

இந்தத் தடயங்கள் பெரும்பாலும் ஒருவழிப் பாதைதான். புதிய அடையாளம் இருந்தால் ‘இதற்கு முன் அச்சாகியிருக்காது’ என்று அடித்துச் சொல்லலாம். பழைய அடையாளம் இருப்பதை வைத்து ‘பழையதுதான்’ என்று சொல்ல முடியாது. ஈய எழுத்துகளைக் கையில் வைத்திருந்த அச்சகங்கள் 1978-க்குப் பிறகும் சில ஆண்டுகள் அவற்றையே கோத்தன. பழைய முகவரி பிளாக்கையே (அச்சுக்கட்டையையே) மாற்றாமல் போட்டவர்களும் உண்டு.

பக்கங்கள் முழுமையாக இருக்கின்றனவா என்று கடையில் நின்றபடியே எப்படிப் பார்ப்பது?

நடுவில் பின் அடித்த இதழில் ஒரு தாள் என்பது நான்கு பக்கம். ஒரு தாள் கழன்றால் இதழின் முன்பாதியில் இரண்டு, பின்பாதியில் இரண்டு என இரண்டு இடத்தில் ஓட்டை விழும். எதிரெதிரே அமையும் பக்க எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் மொத்தப் பக்கத்தைவிட ஒன்று அதிகம். 64 பக்க இதழில் கூட்டுத்தொகை 65. 3-ம் பக்கத்தின் மறுபாதி 62, 4-ம் பக்கத்தின் மறுபாதி 61. ஆகவே 3, 4 கிழிந்திருந்தால் 61, 62 இருக்கின்றனவா, பிடிமானம் இல்லாமல் தொங்குகின்றனவா என்று உடனே பாருங்கள். நடுத்தாளில் இருப்பவை 31, 32, 33, 34. பின் துருப்பிடித்தால் முதலில் கழன்று விழுவது இந்தத் தாள்தான். விற்பவருக்கே தெரியாமல் தொலைந்திருப்பதும் பெரும்பாலும் இதுதான்.

அட்டையைச் சில பதிப்பகங்கள் பக்கக் கணக்கில் சேர்க்கும், சில சேர்க்காது. நடுப்பக்கத்தைத் திறந்து இரண்டு எண்களையும் கூட்டி ஒன்றைக் கழியுங்கள். மொத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். பக்க எண் அச்சிடாத இதழானால் நடுப்பின்னுக்கு இருபுறமும் தாள்களை எண்ணுங்கள். சமமாக இல்லாவிட்டால் எங்கோ ஒரு பாதி போயிருக்கிறது. இரு பக்கமும் சமமாக இருந்தும் முழுத்தாள் காணாமல் போயிருக்கலாம் என்பதால் கதை ஓட்டத்தையும் புரட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

வாடகை நூலகப் பிரதிகளில் இன்னொரு தொல்லை. அடிக்கடி கைமாறும் என்பதால் முதுகோரத்தில் மூன்று துளையிட்டுத் தடித்த நூலால் தைத்திருப்பார்கள். புத்தகம் உறுதியாக இருக்கும், ஆனால் உள்ளோரத்து வசனம் தையலுக்குள் மாட்டிக்கொள்ளும். ரப்பர் ஸ்டாம்ப்பும் வரிசை எண்ணும் முதல் பக்கத்தில் நிச்சயம் இருக்கும். படிக்க வாங்குபவருக்கு இது குறையே அல்ல.

தொடர்கதையைக் கிழித்து பைண்ட் செய்த தொகுப்புகளை வாங்கலாமா?

கட்டாயம் வாங்கலாம். வார இதழ்களில் வந்த பல தொடர்களும் சித்திரக்கதைகளும் மூல ஓவியத்தோடு இன்று மிஞ்சியிருப்பதே இப்படி வீடுகளில் பைண்ட் செய்தவற்றில்தான். புத்தகமாக வந்தபோது ஓவியங்களை விட்டுவிட்ட கதைகள் நிறைய. பார்க்க வேண்டியது: அத்தியாய எண்கள் வரிசையாக உள்ளனவா, கடைசி அத்தியாயம் உண்டா, பைண்டர் ஓரம் வெட்டும்போது வரியையும் சேர்த்து வெட்டிவிட்டாரா. தனி இதழ்களைப் பைண்ட் செய்திருந்தால் அட்டைகளை எடுத்துவிட்டார்களா என்றும் பாருங்கள். அட்டையில்லாத பத்து இதழும் அட்டையோடு கூடிய பத்து இதழும் ஒரே விலை ஆகாது.

பைண்டிங்கைப் பிரித்துத் தனி இதழாக்கலாம் என்ற எண்ணம் வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். உலர்ந்த வஜ்ரப் பசையை உரிக்கும்போது தாளும் சேர்ந்தே வரும்.

எங்கே தேடுவது?

சென்னையின் பழைய மூர் மார்க்கெட் 1985-ல் தீயில் போனது. பிறகு கடைகள் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின. இன்று திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதை, ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும் நாட்களில் நந்தனம் சாலையோரம், கோவையில் உக்கடம் பழைய புத்தகக் கடைகள் ஆகியவை பார்க்க வேண்டிய இடங்கள். புத்தகக் கடைகளில் நல்லது ஏற்கெனவே பொறுக்கப்பட்டிருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பொறுக்கப்படாத சரக்கு இருப்பது எடைக்கு வாங்கும் பழைய பேப்பர் கடையில். போகிக்கு முந்தைய இரண்டு வாரமும், தேர்வு முடிந்து வீடு மாறும் ஏப்ரல், மே மாதங்களும் பரண் காலியாகும் காலம். கடைக்காரரிடம் ‘காமிக்ஸ்’ என்று மட்டும் கேட்டால் கையை விரிப்பார். ‘படக்கதை புக், அம்புலிமாமா, சின்னப் பசங்க கதை புக் எதுவானாலும் எடுத்து வைங்கண்ணே, எடை விலைக்கு மேலேயே தர்றேன்’ என்று சொல்லி, முதல் தடவை உங்களுக்கு வேண்டாத கட்டாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது தடவை அவரே கூப்பிடுவார்.

வீட்டுக்காரர்களிடம் நேரடியாக வாங்குவதானால் ஒரே இதழைக் குறிவைக்காதீர்கள். கட்டாக எடுப்பதே இரு தரப்புக்கும் லாபம்.

எவ்வளவு விலை கொடுக்கலாம்?

நிலையான சந்தை விலை என்று ஒன்று இல்லை. கேட்கும் விலையை யாரும் வாங்காத விலை என்று வைத்துக்கொண்டு பேசத் தொடங்குங்கள். விலையை ஏற்றுபவை இவை: அட்டை முழுமை, வரிசையின் ஆரம்ப எண்கள், தீபாவளி மலர், கோடை மலர் போன்ற தடித்த சிறப்பிதழ்கள், மறுபதிப்பே காணாத கதை. இறக்குவது ஒன்றே ஒன்று, மறுபதிப்பு. சிவகாசியிலிருந்து முத்து, லயன் வெளியீடுகள் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. இன்று பெருந்தொகை கொடுத்து வாங்கும் கதை அடுத்த ஆண்டு வண்ணத்தில் புதிதாக வரலாம். கதையைப் படிக்கத்தான் ஆசை என்றால் முதலில் பதிப்பகத்தின் இருப்புப் பட்டியலைப் பாருங்கள்.

பழையதுதான் விலை உயர்ந்தது என்பதும் சரியல்ல. ராணி காமிக்ஸ் 1984 முதல் 2005 வரை ஏறத்தாழ 500 இதழ்கள் வந்தது. கடைசி ஆண்டுகளின் இதழ்களை அன்று யாரும் எடுத்து வைக்கவில்லை. வரிசையை முழுமையாக்க முயல்பவர்களை அலைய விடுவது அந்தக் கடைசி இதழ்கள்தான்.

இணையத்தில் வாங்கும்போது என்னென்ன படம் கேட்க வேண்டும்?

முன்னட்டை, பின்னட்டை, பின் அடித்த இடம் தெரியும்படி நடுப்பக்கம், கடைசிப் பக்கம், வெளியீட்டாளர் முகவரி உள்ள பக்கம். இந்த ஐந்தும், அன்றைய தேதி எழுதிய சீட்டை இதழின் மேல் வைத்து எடுத்த படம் ஒன்றும் கேளுங்கள். சீட்டு வைத்து எடுக்க மறுப்பவரிடம் பெரும்பாலும் புத்தகம் இருக்காது, வேறு யாரோ போட்ட படம்தான் இருக்கும். அனுப்பும்போது பிளாஸ்டிக் உறையில் போட்டு, இதழைவிட இரண்டு செ.மீ. பெரிய அட்டைகளை இருபுறமும் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். அட்டை இதழின் அளவே இருந்தால் மூலைகள் மடங்கித்தான் வரும்.

கலர் ஜெராக்ஸைப் பழைய இதழ் என்று தள்ளிவிடுகிறார்களாமே?

அட்டை மட்டும் ஜெராக்ஸ், உள்ளே அசல் என்பதே அதிகம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஆஃப்செட் அச்சில் வண்ணங்கள் ஒழுங்கான புள்ளிகளாகத் தெரியும். நகலில் புள்ளிக்கு மேல் புள்ளி விழுந்து கலங்கலாக இருக்கும், சாய்த்துப் பார்த்தால் டோனர் பளபளக்கும். ரூபாய் நோட்டு சோதிக்கும் புற ஊதா டார்ச் இன்னும் எளிது. இன்றைய வெள்ளைத் தாள் நீலவெள்ளையாக ஜொலிக்கும், பழைய நியூஸ்பிரிண்ட் மங்கலாகவே கிடக்கும்.

பின்னையும் பாருங்கள். தாளில் துருக்கறை இருந்து பின் மட்டும் புதிதாக மின்னினால், இதழைப் பிரித்துச் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு குறைப்பிரதிகளை ஒன்றாக்கியிருக்கலாம். சொல்லி விற்றால் தப்பில்லை.

சோவியத் புத்தகங்களைத் தேடுவது எப்படி?

முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா பதிப்பகம், மிர் பதிப்பகம் என்ற மூன்று பெயர்களை நினைவில் வையுங்கள். குழந்தைகள் புத்தகமும் இலக்கியமும் முதல் இரண்டில், அறிவியல் மிர்-இல். ராதுகா 1982-ல்தான் பிரிந்து வந்தது, ஆகவே அந்தப் பெயர் இருந்தால் அதற்கு முந்தைய அச்சு அல்ல. இங்கே விற்றது நியூ செஞ்சுரி புக் ஹவுஸ். அதன் முத்திரை பல பிரதிகளில் இருக்கும். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ரஷ்ய மொழியில் தயாரிப்பு விவரம் அச்சிட்டிருப்பார்கள். மொழி தெரியாவிட்டாலும் ஆண்டு எண்ணை அதில் படித்துவிடலாம்.

பெயர் எழுதும் முறைதான் தேடுபவரைக் கவிழ்க்கும். நாம் டால்ஸ்டாய் என்று தேடுவோம், மாஸ்கோ பதிப்பில் தல்ஸ்தோய் என்றிருக்கும். ஆசிரியர் பெயரில் சிக்காததை ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் என்று மொழிபெயர்ப்பாளர் பெயரில் தேடினால் சிக்கும்.

சொந்தமாக வேண்டாம், ஒரு முறை படித்தால் போதும். வழி உண்டா?

சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் முதல் வாசல். பழைய தமிழ் இதழ்களுக்கு அதற்கு இணை குறைவு. எழும்பூர் கன்னிமாரா நூலகம், 1954-ம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதி சென்று சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பல பழைய நூல்களை வீட்டிலிருந்தே படிக்கலாம். இலங்கையில் வெளியான சிறுவர் இதழ்களுக்கு நூலகம் என்ற பெயரிலேயே இயங்கும் எண்ணிம நூலகத்தைப் பாருங்கள். நேரில் போகுமுன் இதழின் பெயர், மாதம், ஆண்டு மூன்றையும் எழுதி விசாரித்துவிட்டுப் போங்கள்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் வாங்கலாமா?

வேண்டாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் இறந்த பின் 60 ஆண்டுகள் உரிமை தொடரும். 2014-ல் மறைந்த வாண்டுமாமாவின் எழுத்துகளுக்கு உரிமை 2074 வரை இருக்கிறது. நாட்டுடைமை ஆக்கப்பட்ட ஆசிரியர்களின் நூல்கள் மட்டும் வேறு கணக்கு.

பூச்சி, பூஞ்சை வாடை, துரு, கிழிசல் இவற்றுக்கு என்ன செய்வது?

புதிதாக வந்த கட்டை நேராக அலமாரியில் வைக்காதீர்கள். ராமபாணப் பூச்சி ஒரு கட்டில் இருந்தால் ஆறு மாதத்தில் எல்லாக் கட்டிலும் இருக்கும். ஜிப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி, ஃப்ரீஸரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்கக் கூடாது, ஒரு நாள் முழுக்க அப்படியே கிடக்கட்டும். உடனே திறந்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த தாளில் படிந்து அட்டை நெளிந்துவிடும். ஈரமாக வந்த இதழை முதலில் நிழலில் உலர்த்தி, அதன் பிறகே ஃப்ரீஸர்.

வாடைக்கு, மூடிய டப்பாவில் ஒரு கிண்ணம் சமையல் சோடாவையும் இதழ்களையும் ஒன்றையொன்று தொடாமல் ஒரு வாரம் வையுங்கள். வெயிலில் காய வைப்பது பெரிய தப்பு. நியூஸ்பிரிண்டில் மரக்கூழின் லிக்னின் அப்படியே இருக்கிறது, வெளிச்சமும் சூடும் பட்டால் தாள் பழுத்து நொறுங்கும்.

துருப்பிடித்த பின்னை நடுப்பக்கத்தின் உள்ளிருந்து மழுங்கிய கத்தியால் கால்களை நிமிர்த்தி, வெளிப்பக்கமாக மெல்லத் தள்ளி எடுக்கவும். அதே துளைகளில் பருத்தி நூல் போட்டுத் தைத்துவிடலாம். கிழிசலுக்கு செல்லோடேப் கூடவே கூடாது. சில ஆண்டில் பிளாஸ்டிக் உதிர்ந்து பசை மட்டும் பழுப்புப் பட்டையாகத் தங்கும், அதை எடுக்க வழியில்லை. மெல்லிய ஜப்பானியத் தாளும் மெத்தில் செல்லுலோஸ் பசையும் போதும். மைதாப் பசை பூச்சிக்கு விருந்து. லேமினேஷன் செய்வது இதழைக் கொல்வதற்குச் சமம்.

எப்படி அடுக்குவது?

பின் அடித்த இதழ்களைப் படுக்கையாக, ஒரு அடுக்கில் 15 முதல் 20 வரை வையுங்கள். நிறுத்தி வைத்தால் முதுகு வளையும். உறை பாலிப்ரோப்பிலீனாக இருக்கட்டும். பி.வி.சி. உறை நாளடைவில் ஒட்டிக்கொண்டு அட்டையின் மையை உரித்துவிடும். பரண் வேண்டாம், வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம்.

பட்டியலில் என்னென்ன குறிக்க வேண்டும்?

வரிசை, இதழ் எண், தலைப்பு, மாதம், ஆண்டு, அச்சிட்ட விலை, பக்கம், குறை என்ன. எண்ணை மட்டும் நம்பாதீர்கள், தலைப்பையும் சேர்த்தே எழுதுங்கள். இதழ் எண்ணைத் தவறாக அச்சிட்டது உண்டு. வராத மாதங்களையும் குறியுங்கள். அம்புலிமாமா 1998-ல் நின்று ஏறத்தாழ ஓராண்டு வரவேயில்லை. அந்த மாதங்களின் இதழுக்கு அலைந்து பயனில்லை. ‘குறை’ என்ற கட்டத்தில் வெறுமனே ‘சுமார்’ என்று எழுதாமல் ‘31–34 இல்லை’ என்று எண்ணோடு எழுதினால், அதே இதழின் இன்னொரு குறைப்பிரதி கண்ணில் படும்போது வாங்குவதா வேண்டாமா என்று அங்கேயே தெரிந்துவிடும். அந்தப் பட்டியல் எப்போதும் கைப்பேசியில் இருக்கட்டும்.